பனிக்கு அடியில் பார்க்கும் ரேடார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரை ஊடுருவும் ரேடார் (ஜிபிஆர்) என்பது என்ன?

ரேடியோ அலையைக் கீழ்நோக்கி அனுப்பி, அது எதன் மீதாவது பட்டுத் திரும்பி வரும் வரை காத்திருக்கும் கருவி. எத்தனை நேரம் கழித்து வந்தது, எவ்வளவு பலத்தோடு வந்தது என்ற இரண்டு தகவல்களைத்தான் அது அடிப்படையில் தருகிறது. மலை, ஏரி, குகை, பள்ளத்தாக்கு என்று நாம் செய்தியில் படிப்பதெல்லாம் அந்த இரண்டையும் வைத்து மனிதர்கள் செய்த கணக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் குழப்பங்கள் தாமாகவே தீரும்.

நேரத்தை வைத்து ஆழத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

வெற்றிடத்தில் ரேடியோ அலை விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. போகும். பனிக்கட்டிக்குள் கொஞ்சம் தளர்ந்து, ஏறக்குறைய 1 லட்சத்து 68 ஆயிரம் கி.மீ. சின்ன அளவில் சொன்னால், ஒரு மைக்ரோ விநாடியில் 168 மீட்டர். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் எதிரொலி தாமதமாகும் ஒவ்வொரு மைக்ரோ விநாடிக்கும் 84 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம். 44 மைக்ரோ விநாடி கழித்து எதிரொலி வந்தால் 44ஐ 84ஆல் பெருக்குங்கள்: 3,696 மீட்டர். அண்டார்டிகாவின் நடுப்பகுதியில் இது சாதாரணமாகக் கிடைக்கும் எண்தான்.

வேகம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். பூமியில் துளை போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். செவ்வாயில் அந்த வசதி கிடையாது. அங்கே இருப்பது சுத்தமான பனிக்கட்டியா, தூசி கலந்ததா என்று ஊகித்து ஒரு வேகத்தைப் போடுகிறார்கள். ஊகம் மாறினால் ஆழமும் மாறும்.

விமான நிலைய ரேடார் மேகத்துக்கு மேலே பார்க்கிறது. இது மட்டும் எப்படிக் கட்டிப் பனிக்குள் போகிறது?

இரண்டு காரணங்கள். ஒன்று, அலைவரிசை. விமானங்களைப் பார்க்கும் ரேடார்கள் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. துருவப் பனியை ஆழம் பார்க்கும் ரேடார்கள் சில மெகாஹெர்ட்ஸிலிருந்து சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரை. அலைவரிசை எண் குறைந்தால் அலை நீளும். அலை நீளமாக நீளமாக ஆழம் போகும். ஆனால் நுணுக்கம் குறையும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது.

இரண்டாவது காரணம் பனிக்கட்டியே. குளிர்ந்த, உப்பில்லாத பனிக்கட்டி மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் ரேடியோ அலையின் ஆற்றலை அது அவ்வளவாக விழுங்குவதில்லை. கண்ணுக்கு வெள்ளைச் சுவர் போலத் தெரியும் பனிமலை, ரேடாருக்குக் கிட்டத்தட்ட ஜன்னல் கண்ணாடி. அதே பனியில் உருகிய நீரோ உப்போ கலந்துவிட்டால் கதை முடிந்தது. கடல் நீருக்குள் ரேடார் ஒன்றும் பார்க்காது.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

ஒரே ஆளைச் சொல்ல முடியாது. 1920களின் இறுதியிலேயே ஸ்டெர்ன் என்பவர் ஆஸ்திரியப் பனியாறு ஒன்றின் தடிமனை ரேடியோ அலை கொண்டு அளக்க முயன்றிருக்கிறார். ஆனால் துறையே பிறந்தது ஒரு கோளாறிலிருந்து என்று சொல்லலாம். துருவப் பகுதிகளில் பறந்த விமானங்களின் ரேடார் உயரமானிகள் பனிப்பரப்புக்கு மேலே தப்பான உயரம் காட்டின. அலை பனியின் மேற்பரப்பில் நிற்காமல் உள்ளே போய், அடியில் பட்டுத் திரும்பியதுதான் காரணம். விமானிக்கு அது ஆபத்து. அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருந்த அமோரி வெய்ட் 1950களில் அதையே அளவுகோலாக மாற்றிக் காட்டினார்.

1963 வாக்கில் கேம்பிரிட்ஜின் ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தில் ஸ்டான் எவான்ஸ் இதற்கென்றே ஒரு ரேடாரை உருவாக்கினார். 1967 முதல் 1979 வரை பிரிட்டன், அமெரிக்கா, டென்மார்க் மூன்றும் சேர்ந்து அண்டார்டிகாவுக்கு மேலே விமானத்தில் பறந்து பறந்து அளந்தன. மொத்தம் 4 லட்சம் கி.மீ.க்கு மேல். எல்லாம் 35 மி.மீ. ஃபிலிம் சுருளில் பதிவானது.

அந்தப் பழைய ஃபிலிம்களுக்கு இன்று ஏதாவது பயன் உண்டா?

நிறைய. ஸ்டான்ஃபோர்டின் டஸ்டின் ஷ்ரோடரும் கேம்பிரிட்ஜ்காரர்களும் சேர்ந்து அந்தச் சுருள்களை ஸ்கேன் செய்தார்கள். அண்டார்டிகாவின் த்வெய்ட்ஸ் பனியாறு கடலில் மிதக்கும் பகுதியில் 1978இல் எடுத்த படத்தையும் 2009இல் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கிழக்குப் பக்கப் பனித்தட்டு அந்தக் காலத்தில் 10 முதல் 33 விழுக்காடு வரை மெலிந்திருந்தது தெரிந்தது. பனி உருகுவதை அளக்க வேண்டுமென்றால் முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டுமே. அந்தப் பதில் அலமாரியில் கிடந்த ஃபிலிமில் இருந்தது.

ரேடார் படங்களில் தலைகீழ் 'ப' போல வளைவுகள் தெரிகின்றனவே, அவையெல்லாம் மலைகளா?

இல்லை. இது அனேகமாக எல்லாரும் தடுக்கி விழும் இடம்.

பனியில் ஓர் ஆழமான வெடிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லெட்ஜில் ரேடாரை வைத்து இழுத்துக்கொண்டு அதை நோக்கிப் போகிறீர்கள். ரேடார் நேர் கீழே மட்டும் பார்ப்பதில்லை. டார்ச் வெளிச்சம் போல முன்னும் பின்னும் விரிகிறது. அதனால் வெடிப்பு இன்னும் 20 மீட்டர் முன்னால் இருக்கும்போதே அதன் எதிரொலி சாய்வாக வந்துவிடும். சாய்வுப் பாதை நீளம் என்பதால் தாமதமாக வரும். கருவிக்கு இது சாய்வாக வந்தது என்று தெரியாது. 'நேர் கீழே, அதிக ஆழத்தில்' என்று வரைந்துவிடும். கிட்டப் போகப் போகத் தாமதம் குறைந்து புள்ளி மேலே ஏறும். சரியாகத் தலைக்கு மேல் வரும்போது உச்சி. கடந்து போனதும் மறுபடி கீழே இறங்கும். ஒரே ஒரு புள்ளி, படத்தில் ஒரு குன்று போல விரிந்துவிடுகிறது. உச்சிதான் உண்மை. இரண்டு பக்கச் சரிவும் பொய்.

தெரிந்தவர்களுக்கு இந்தப் பொய்யே உதவி. அந்த வளைவு எவ்வளவு அகலமாக விரிகிறது என்பதை வைத்து, அலை அந்தப் பனிக்குள் என்ன வேகத்தில் போனது என்று கணக்கிட்டுவிடலாம். அண்டார்டிகாவின் மெக்மர்டோ நிலையத்திலிருந்து தென்துருவத்துக்குப் பனி மீது வண்டித் தொடர் போகும் பாதையில், முன்னால் போகும் வண்டி நீண்ட கழி ஒன்றில் ரேடாரை நீட்டிக்கொண்டு போகும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவர் இந்த வளைவுகளுக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். மேலே பனி மூடிய வெடிப்பைக் கண்ணால் பார்த்துத் தப்பிக்க முடியாது.

படத்தில் மரத்தின் வளையம் போல அடுக்கடுக்காகக் கோடுகள் வருவது?

அவை உண்மை. எரிமலை வெடித்த ஆண்டுகளில் விழுந்த பனியில் அமிலம் கலந்திருக்கும். அந்த அடுக்கு அலையைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். ஒரு கோடு என்பது ஏறக்குறைய ஒரே காலத்தில் விழுந்த பனி. துளையிட்டு வயது கண்ட இடத்திலிருந்து ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கி.மீ. நடந்தால், போகும் வழியெல்லாம் பனியின் வயது தெரிந்துவிடும்.

அடியில் இருப்பது பாறை இல்லை, தண்ணீர் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பிரகாசத்தை வைத்து. பிளஸ் டூ இயற்பியலில் 'விடுதிறன்' என்று ஒன்று படித்திருப்பீர்கள். பனிக்கட்டிக்கு அது 3க்குச் சற்று மேலே. பாறைக்கு 4 முதல் 9 வரை. தண்ணீருக்கு 80ஐ ஒட்டி. இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தில் இந்த எண் எவ்வளவு தாவுகிறதோ அவ்வளவு பலமாக எதிரொலி வரும். பனிக்கும் பாறைக்கும் நடுவில் நூற்றில் மூன்று நான்கு பங்கு ஆற்றல்தான் திரும்பும். பனிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஏறக்குறைய பாதி. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். அதோடு ஏரியின் மேற்பரப்பு தட்டையாக, வழவழவென்று இருக்கும்.

வோஸ்டாக் ஏரி இதற்குப் பெரிய உதாரணம். அண்டார்டிகாவில், 1983இல் மைனஸ் 89.2 டிகிரி பதிவான வோஸ்டாக் என்ற ரஷ்ய நிலையத்துக்கு நேர் கீழே, 3.7 கி.மீ. பனிக்கு அடியில், சுமார் 250 கி.மீ. நீளமும் 50 கி.மீ. அகலமும் கொண்ட ஏரி. மேலே அவ்வளவு குளிர், கீழே எப்படித் தண்ணீர்? பூமிக்குள்ளிருந்து வரும் சூடு, அந்தச் சூட்டை வெளியே விடாத பனிப் போர்வை, மேலிருந்து அழுத்தும் பாரம் மூன்றும் சேர்ந்துதான். 1970களின் ரேடார் பதிவு, 1960களின் நில அதிர்வுப் பதிவு, 1990களின் செயற்கைக்கோள் உயர அளவு ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து 1996இல் ஆண்ட்ரே கபிட்சாவும் சகாக்களும் ஏரியின் முழு உருவத்தை வெளியிட்டார்கள். துளை ஏரியைத் தொட்டது 2012 பிப்ரவரியில். ரேடார் சொன்னது சரிதான்.

கவனியுங்கள், தண்ணீரின் ஆழத்தை அந்த ரேடார் சொல்லவில்லை. அதற்கு நில அதிர்வு முறை வேண்டியிருந்தது.

பூமியில் இதுவரை கண்டதில் அதிக ஆழம் எவ்வளவு?

அண்டார்டிகாவின் பனிக்கு அடியில் உள்ள நிலத்தைக் காட்டும், 2025இல் வெளியான பெட்மேப்3 வரைபடத்தின்படி, கிழக்கு அண்டார்டிகாவின் வில்க்ஸ் நிலப்பகுதியில் பெயரில்லாத ஒரு பள்ளத்தாக்கில் பனி 4,757 மீட்டர் தடிமன். அதே கிழக்கு அண்டார்டிகாவில் டென்மன் பனியாற்றின் அடிப்பள்ளம் கடல் மட்டத்துக்கு 3,500 மீட்டர் கீழே போகிறது. அங்கே மட்டும் ரேடார் திணறியது. செங்குத்துச் சுவர்களிலிருந்து வந்த எதிரொலிகள் அடித்தளத்தை மறைத்துவிட்டன. பனி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்த பிறகுதான் 2019இல் அந்த ஆழம் பிடிபட்டது.

பனிக்குள் புதைந்த போர் விமானத்தை ரேடார் கண்டுபிடித்தது உண்மையா?

உண்மை. 1942 ஜூலையில் ஆறு பி-38 போர் விமானங்களும் இரண்டு பி-17 குண்டுவீச்சு விமானங்களும் கிரீன்லாந்துப் பனியில் அவசரமாகத் தரையிறங்கின. ஆட்கள் தப்பினார்கள், விமானங்கள் அங்கேயே கிடந்தன. தேடிப் போனவர்கள், கொஞ்சம் பனியைத் தள்ளினால் வால் தெரியும் என்று முதலில் நினைத்தார்கள். 1988இல் ரேடார் காட்டிய ஆழம் சுமார் 80 மீட்டர். பனியோடு சேர்ந்து இடமும் மாறியிருந்தன. சுடுநீர் ஓடும் கருவியால் கிணறு போல உருக்கி இறங்கி, 1992இல் ஒரு பி-38ஐ மட்டும் துண்டு துண்டாக மேலே கொண்டுவந்தார்கள். அது 2002இல் மறுபடி பறந்தது.

நிலவில் இந்த ரேடார் போயிருக்கிறதா?

1972 டிசம்பரிலேயே போயிற்று. அப்போலோ 17இன் சுற்றுக்கலத்தில் 5, 15, 150 மெகாஹெர்ட்ஸ் ரேடார் இருந்தது. பதிவு ஃபிலிமில்தான். அந்த ஃபிலிம் பெட்டி கலத்தின் வெளிப்பக்கத்தில் இருந்ததால், திரும்பும் வழியில் ரொனால்ட் எவான்ஸ் விண்வெளியில் வெளியே வந்து கழற்றி எடுத்தார். (கேம்பிரிட்ஜ் எவான்ஸ் வேறு, இவர் வேறு.)

2019 ஜனவரியில் நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சீனாவின் யூட்டு-2 ஊர்தி 500 மெகாஹெர்ட்ஸில் 40 மீட்டர் வரை பார்த்தது. மேலே 12 மீட்டருக்கு மாவு போன்ற மண், அதற்குக் கீழே பாறைக்கற்கள் கலந்த அடுக்கு. நம் சந்திரயான்-2இல் இருக்கும் ரேடாரும் சில மீட்டர் ஆழம் வரை உணரும். ஆனால் அது பக்கவாட்டில் பார்த்துப் படமெடுக்கும் வகை. அடுக்கடுக்காக ஆழம் அளப்பது அதன் வேலை இல்லை. செய்திகளில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

செவ்வாயின் தென்துருவத்தில் ஏரி இருக்கிறதா, இல்லையா? ஒரே பதில் சொல்லுங்கள்.

என் கணிப்பு: இல்லை. ஆனால் அந்தக் கணிப்புக்கு எப்படி வந்தேன் என்பதுதான் சுவாரசியம்.

ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்தில் உள்ள மார்சிஸ் என்ற ரேடார் 1.8 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது. 2012 முதல் 2015 வரை தென்துருவத்தின் ஒரே இடத்துக்கு மேலே 29 முறை போய் வந்த பதிவுகளை வைத்து, 2018இல் ராபர்ட்டோ ஓரோசெயியின் இத்தாலியக் குழு ஒரு முடிவைச் சொன்னது: மேற்பரப்புக்கு 1.5 கி.மீ. கீழே, சுமார் 20 கி.மீ. அகலத்துக்கு, வழக்கத்துக்கு மாறான பிரகாசம். வோஸ்டாக் பாணியில் பார்த்தால் அது தண்ணீர்.

சிக்கல் உடனே கிளம்பியது. அந்த ஆழத்திலும் குளிர் கடுமை. தண்ணீர் உறையாமல் இருக்க பெர்குளோரேட் போன்ற உப்புகள் ஏராளமாகக் கரைந்திருக்க வேண்டும். 2021இல் வேறொரு குழு பழைய பதிவுகளைத் தோண்டி, இதே மாதிரிப் பிரகாசம் தென்துருவத்தில் இன்னும் டஜன் கணக்கான இடங்களில் இருப்பதைக் காட்டியது. சில இடங்கள் மேற்பரப்பை ஒட்டியே இருந்தன. அங்கெல்லாம் உப்பு போட்டாலும் தண்ணீர் நிற்காது. உறைந்த களிமண்ணும் அப்படிப் பிரகாசிக்கும் என்றார்கள் சிலர். பனி அடுக்குகளின் இடைவெளி அலைநீளத்தோடு பொருந்திவிட்டால், எதிரொலிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வெறும் பனியே ஏரி போலத் தெரியும் என்றார்கள் வேறு சிலர். இரண்டுமே கணக்கில் வருகிறது.

செவ்வாயைச் சுற்றும் அமெரிக்க எம்.ஆர்.ஓ. கலத்திலும் ஷராட் என்ற ரேடார் இருக்கிறது. அது 20 மெகாஹெர்ட்ஸ். அந்த இடத்தில் அதற்கு எதுவுமே தெரியவில்லை. அதன் ஆண்டெனாவைக் கலத்தின் உடம்பே பாதி மறைக்கிறது. ஆகவே கலத்தையே 120 டிகிரி புரட்டிப் போட்டுப் பார்ப்பது என்று முடிவெடுத்தார்கள். இரண்டு பத்தாண்டுகளாக ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்த கலத்தை இப்படிக் கவிழ்க்க ஒரு துணிச்சல் வேண்டும். 2025 மே மாதத்தில் அந்த இடத்துக்கு மேலே புரண்டது. முதன்முறையாக எதிரொலி வந்தது, ஆனால் மங்கலாக. தண்ணீர் இருந்திருந்தால் இன்னும் பலமாக வந்திருக்க வேண்டும். ஓரோசெயி குழு தன் வாதத்தை விட்டுவிடவில்லை. துளை போட ஆள் இல்லாத இடத்தில் வழக்கு இப்படித்தான் நீளும்.

அப்படியானால் செவ்வாய் ரேடார்களால் உறுதியாகத் தெரிந்தது எதுவும் இல்லையா?

ஏன் இல்லை? தென்துருவத்தில் 3.7 கி.மீ. வரை பனி அடுக்கு இருப்பதும், அதை உருக்கினால் செவ்வாய் முழுவதும் 11 மீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கும் என்பதும் 2007இல் மார்சிஸ் சொன்னவை. அவற்றை இன்று யாரும் பெரிதாக மறுப்பதில்லை. தரையில் ஓடும் பெர்செவரன்ஸ் ஊர்தியில் நார்வே செய்த ரிம்ஃபாக்ஸ் ரேடார் இருக்கிறது. ஊர்தி நகரும்போது 10 செ.மீ.க்கு ஒரு முறை துடிக்கும். ஜெசேரோ பள்ளத்தின் அடியில், பழைய ஏரியின் வண்டல் படிந்த அடுக்குகளைக் காட்டியது அதுதான். சுற்றுக்கலம் கி.மீ. கணக்கில் பார்க்கும். ஊர்தி சில பத்து மீட்டர்தான் பார்க்கும், ஆனால் ஒரு சாண் அளவுக்கு விவரம் தெரியும்.

விண்கலத்தில் இவ்வளவு நீள ஆண்டெனாவை எப்படிக் கொண்டுபோகிறார்கள்?

மடித்து. அதனால்தான் தலைவலியும். மார்சிஸின் ஆண்டெனா முனைக்கு முனை 40 மீட்டர். 2005 மே மாதத்தில் விரித்தபோது முதல் கழியின் ஒரு கணு சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. கலத்தைத் திருப்பி அந்தப் பக்கம் வெயில் படும்படி வைத்தார்கள். சூடானதும் கணு நிமிர்ந்துகொண்டது.

2023 ஏப்ரலில் வியாழனுக்குக் கிளம்பிய ஜூஸ் கலத்திலும் இதே கதை. 16 மீட்டர் ஆண்டெனா ஒரு குட்டி ஊசியில் சிக்கிக்கொண்டது. வெயில் காட்டினார்கள், கலத்தை உலுக்கினார்கள், அசையவில்லை. மே 12 அன்று பக்கத்தில் இருந்த இன்னொரு விடுவிப்புக் கருவியை வெடுக்கென்று இயக்கியதில் ஊசி விட்டுக்கொடுத்தது.

வியாழனின் நிலாக்களில் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

யூரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பதாக நம்புகிறார்கள். ஓடு எவ்வளவு தடிமன் என்பதில்தான் சண்டை. 2024 அக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030 ஏப்ரலில் வியாழனை அடையும். அதில் 9 மெகாஹெர்ட்ஸ், 60 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையில் ரேடார். போகிற வழியில் 2025 மார்ச்சில் செவ்வாயைக் கடக்கும்போது அதை இயக்கிப் பார்த்தார்கள். ஜூஸ் 2031இல் போய்ச் சேரும். ஓடு மெல்லியதாக இருந்தால் கடலின் மேற்பரப்பு நேரடியாகத் தெரியலாம். தடிமனாக, அடியில் வெதுவெதுப்பாக இருந்தால் தெரியாமலும் போகலாம். நடுவில் நீர்க்குட்டைகள் தென்பட்டாலே பெரிய விஷயம்.

சனியின் நிலாவான டைட்டனில் ஏற்கனவே ஒரு வேடிக்கை நடந்துவிட்டது. அங்கே ஏரிகளில் இருப்பது தண்ணீர் இல்லை, திரவ மீத்தேன். ரேடியோ அலைக்கு அது தெளிந்த நீர் மாதிரி. 2013இல் காசினி கலத்தின் ரேடார் லிஜியா கடலின் மேற்பரப்பையும் அடித்தளத்தையும் சேர்த்தே பார்த்து, சுமார் 160 மீட்டர் ஆழம் என்று அளந்தது. வோஸ்டாக்கில் முடியாதது நூறு கோடி கி.மீ.க்கு அப்பால் முடிந்தது.

இமயமலைப் பனியாறுகளை இப்படி அளக்கிறார்களா?

அளக்கிறார்கள். இமாசலப் பிரதேசத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் ரேடார் காட்டிய தடிமன் 270 மீட்டர் வரை போகிறது. ஆனால் அங்கே வேலை கடினம். கோடையில் பனிக்குள்ளேயே உருகிய நீர் தேங்கி அலையைச் சிதறடிக்கும். குறுகிய பள்ளத்தாக்கில் இரண்டு பக்கச் சுவரும் எதிரொலிக்கும். மேலே கல்லும் மண்ணும் மூடிக்கிடக்கும் இடத்தில் கருவியை இழுப்பதே பெரும்பாடு.

இவ்வளவு செய்கிற கருவி, எங்கள் தோட்டத்தில் போர்வெல் போட நீரோட்டம் காட்டுமா?

காட்டாது. இதைச் சொன்னால் நிறையப் பேருக்கு நம்பிக்கை வருவதில்லை. 1.5 கி.மீ. செவ்வாய்ப் பனியைத் துளைத்துப் பார்க்கும் அலை, ஈரக் களிமண்ணில் ஒன்றிரண்டு மீட்டருக்குள் செத்துவிடும். தண்ணீரும் அதில் கரைந்த உப்பும் மின்சாரத்தைக் கடத்தி ஆற்றலை விழுங்கிவிடுகின்றன. உங்களுக்கு வேண்டிய தண்ணீரோ 500 அடி, 800 அடியில் பாறை வெடிப்புக்குள் இருக்கிறது. சாலைக்கு அடியில் குழாய் எங்கே போகிறது, கான்கிரீட்டில் கம்பி எங்கே இருக்கிறது, தொல்லியல் களத்தில் சுவர் புதைந்திருக்கிறதா என்று பார்க்க ஜிபிஆர் கருவி நல்லது. கிணற்றுக்கு, நான்கு கம்பிகளை நட்டு மண்ணின் மின்தடையை அளப்பவரைக் கூப்பிடுங்கள். அவரிடமும் எத்தனை அடி ஆழத்துக்கு அளந்தார், எந்த ஆழத்தில் மின்தடை குறைந்தது என்று தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.